இரத்த ஒட்டுண்ணிகளும் மாட்டின் மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்த ஒட்டுண்ணி நோய்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

மாட்டின் இரத்தத்திலோ இரத்த அணுக்களுக்குள்ளேயோ தங்கிப் பெருகும் ஒற்றைச்செல் உயிரிகளால் வரும் நோய்கள் இவை. டிரிபனோசோமா வகைகள் அணுக்களுக்கு வெளியே, இரத்த நீரிலேயே நீந்தித் திரிகின்றன. ஆப்பிரிக்காவில் செட்சி ஈயும், அந்த ஈ இல்லாத நாடுகளில் குதிரை ஈ போன்ற கடிக்கும் ஈக்களும் இவற்றைப் பரப்புகின்றன. பபீசியா உண்ணி வழியாக வந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. மாடு காபி நிறத்தில் சிறுநீர் கழிப்பது அதனால்தான். தைலேரியாவும் உண்ணி வழியாகவே வருகிறது, ஆனால் அது முதலில் பிடிப்பது வெள்ளணுக்களை. அனாபிளாஸ்மாவையும் இவற்றோடு சேர்த்துப் பேசுவது வழக்கம் என்றாலும், அது பாக்டீரியா என்பதால் இங்கே அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மாட்டின் "மரபணு எதிர்வினை" என்றால் தொற்றின்போது மரபணு மாறுகிறது என்று பொருளா?

இல்லை. இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதால் முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. இந்தத் தொடர் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது. முதலாவது, பிறக்கும்போதே தாய் தந்தையிடமிருந்து வந்த டிஎன்ஏ வேறுபாடுகள்; ஒரே மேய்ச்சலில், ஒரே ஈக்கடியில் ஒரு மாடு தேறுவதற்கும் இன்னொன்று மெலிந்து விழுவதற்கும் இவை காரணமாகின்றன. இரண்டாவது, தொற்று ஏற்பட்ட பின் ஓர் அணு தன்னிடம் ஏற்கெனவே உள்ள மரபணுக்களில் எவற்றை எழுப்புகிறது, எவற்றை அடக்குகிறது என்பது. இதில் டிஎன்ஏ எழுத்து எதுவும் மாறுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மாறுகிறது. இந்த இரண்டாவது செயல் எவ்வளவு விரைவாக, எவ்வளவு அளவோடு நடக்கும் என்பதைப் பெரும்பாலும் முதலாவதுதான் தீர்மானிக்கிறது.

எதிர்ப்புத்திறன், தாங்குதிறன் இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பது எதிர்ப்புத்திறன். ஒட்டுண்ணி உடலில் இருந்தபோதும் இரத்தசோகை முற்றாமல், எடை குறையாமல், சினைப்பிடித்துக் கன்று ஈன்று வாழ்வது தாங்குதிறன். மாடுகளின் இரத்த ஒட்டுண்ணி நோய்களில் இரண்டாவதே பெரிய கதை. நோயின் கடுமையில் கணிசமான பங்கு ஒட்டுண்ணி செய்யும் சேதம் அல்ல. ஒட்டுண்ணியைக் கண்ட உடல் மிகையாகப் பொங்கி எழுந்து தனக்கே செய்துகொள்ளும் சேதம். தாங்கும் இனங்கள் பல, பதற்றமின்றி எதிர்வினை காட்டுகிற இனங்களே என்பதைக் கீழே உள்ள பதில்களில் மீண்டும் மீண்டும் காணலாம்.

எந்த மாட்டினங்கள் இவற்றைத் தாங்குகின்றன?

ஒட்டுண்ணியின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் திமில் இல்லாத சிறிய மாடான என்டாமா, செட்சி ஈ மொய்க்கும் பகுதிகளில் மருந்தின்றியே உயிர்வாழ்ந்து உழைக்கக்கூடியது. அதே இடத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவின் திமில் உள்ள போரன் மாடு சிகிச்சை இல்லாவிட்டால் இரத்தசோகையில் வீழ்ந்துவிடும். இதைப் பார்த்துத் திமில் இல்லாத இனங்களே உறுதியானவை என்று முடிவுகட்டினால், உண்ணி நோய்களில் அந்த முடிவு தலைகீழாகும். பபீசியாவையும் வெப்பநாடுகளின் தைலேரியாவையும் திமில் உள்ள இனங்கள் நன்றாகத் தாங்குகின்றன. திமில் இல்லாத ஐரோப்பிய ஹோல்ஸ்டீன் இனமே அவற்றில் பெரிதும் பாதிக்கப்படுகிறது.

திமில் உள்ள வரிசையும் திமில் இல்லாத வரிசையும் மனிதர்கள் மாட்டைப் பழக்குவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே காட்டு மாடுகளாகப் பிரிந்துபோனவை. பின்னர் எந்த மண்ணில் எந்த ஒட்டுண்ணியோடு பல நூறு தலைமுறை வாழ நேர்ந்ததோ, அதற்குத் தோதான மரபணு வடிவங்களே அந்தந்த மந்தையில் தங்கின. எல்லா நோய்க்கும் கெட்டியான இனம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாததற்குக் காரணம் இதுவே.

தாங்குதிறனை எப்படி அளக்கிறார்கள்?

கருவி மிக எளியது. காது இரத்தக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் இரத்தம் எடுத்து, ஒரு முனையை மூடி, மையவிலக்குக் கருவியில் நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றுகிறார்கள். வெளியே எடுக்கும்போது குழாயில் மூன்று அடுக்குகள் தெரியும்: அடியில் அடர்ந்த சிவப்புத் தூண், அதன் தலையில் நூல் கனத்துக்கு ஒரு வெண்படலம், அதற்கு மேல் வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். சிவப்புத் தூண் மொத்த உயரத்தில் எத்தனை விழுக்காடு என்பதே சிவப்பணு அடர்வு. நலமான மாட்டில் இது 24 முதல் 46 வரை இருக்கும். டிரிபனோசோமா தொற்றில் வாரத்துக்கு வாரம் இந்தத் தூண் குட்டையாகிக்கொண்டே வரும். எந்த மாட்டில் அது ஓர் இடத்தில் நின்று மீண்டும் ஏறுகிறதோ, அந்த மாட்டுக்குத் தாங்குதிறன் இருக்கிறது.

அதே குழாயை வெண்படலத்துக்குச் சற்றுக் கீழே ஒடித்து, படலத்தைக் கண்ணாடித் தகட்டில் விட்டு இருள்புல நுண்ணோக்கியில் பார்த்தால் டிரிபனோசோமாவையே காணலாம். முதலில் உயிரி கண்ணில் படுவதில்லை. அசையாமல் இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் ஓர் இடத்தில் மட்டும் குலுங்குவதுதான் தெரியும். அங்கே உற்றுப் பார்த்தால் நெளியும் இழை ஒன்று தென்படும். ஒரே துளி இரத்தத்தில் ஒட்டுண்ணியின் அளவையும் உடல் படும் பாட்டையும் தனித்தனியே அளக்க முடிவதால்தான், எதிர்ப்புத்திறனையும் தாங்குதிறனையும் மரபியலாளர்களால் பிரித்து ஆராய முடிந்தது.

என்டாமாவின் தாங்குதிறன் ஒரே மரபணுவின் வேலையா?

இல்லை. நைரோபியில் இயங்கும் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. என்டாமாவையும் போரனையும் கலந்து, அந்தக் கலப்புக் கன்றுகளைத் தமக்குள் இணைத்து, இரண்டாம் தலைமுறையில் 177 மாடுகளைப் பெற்று, அவற்றுக்கு டிரிபனோசோமா காங்கோலென்ஸ் தொற்றை ஏற்படுத்தி, இரத்தசோகை, எடை, ஒட்டுண்ணி எண்ணிக்கை ஆகியவற்றை டிஎன்ஏ அடையாளங்களோடு ஒப்பிட்டார்கள். தாங்குதிறனைப் பாதிக்கும் பகுதிகள் பதினெட்டு குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தன.

எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பளிப்பது அடுத்த கண்டுபிடிப்பு. ஒன்பது பகுதிகளில் நன்மை தரும் வடிவம் எதிர்பார்த்தபடியே என்டாமாவிடமிருந்து வந்தது. ஐந்து பகுதிகளில் அது "பலவீனமான" போரனிடமிருந்து வந்தது. மீதி நான்கில், இரண்டு இனங்களின் வடிவமும் சேர்ந்திருந்த மாடுகளே இருவகைத் தூய மாடுகளையும் விஞ்சின. ஓர் இனத்தை நோய்க்கு ஆளாவது என்று முத்திரை குத்திவிட்டால் அதனிடம் கொள்ள ஒன்றுமில்லை என்ற எண்ணம் தவறென்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இரண்டு பெற்றோரையும்விடத் தாங்குதிறன் மிகுந்த ஒரு கலப்பினத்தை உருவாக்க முடியும் என்றே ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

அந்தத் திறன் உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது?

இதற்கு விடை காண மாட்டின் இயல்பு ஒன்றையே பயன்படுத்தினார்கள். மாட்டின் வயிற்றில் இரட்டைக் கன்று வளரும்போது நஞ்சுக்கொடிகளின் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இணைந்துவிடுகின்றன. ஒரு கன்றின் இரத்தம் உண்டாக்கும் மூல அணுக்கள் மற்றதன் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே உற்பத்தியைத் தொடர்கின்றன. (கிடேரியோடு காளை இரட்டையாகப் பிறந்தால் அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடாவதும் இதே இணைப்பால்தான்.) ஆகவே ஒரே கருப்பையில் என்டாமாக் கருவையும் போரன் கருவையும் சேர்த்து வளர்த்தால், ஓர் இனத்தின் உடலில் மற்றொரு இனத்தின் இரத்த அணுக்கள் ஓடும் மாடுகள் கிடைக்கும்.

அத்தகைய இரட்டையருக்குத் தொற்றை ஏற்படுத்தியபோது தாங்குதிறன் இரண்டாகப் பிரிந்தது. இரத்தசோகையைக் கட்டுப்படுத்தும் திறன் இரத்தம் உண்டாக்கும் அணுக்களின் இனத்தைப் பின்பற்றியது. ஒட்டுண்ணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் திறனோ அந்த அணுக்களைச் சார்ந்திருக்கவில்லை. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்களை அகற்றிச் செய்த சோதனைகளில் இந்த இரண்டு திறன்களுமே டி அணுக்களாலோ எதிர்ப்பொருள்களாலோ (கிருமியைப் பற்றிக்கொள்ளும் இரத்தப் புரதங்கள்) வருவன அல்ல என்றும் தெரிந்தது. நோய் எதிர்ப்பு என்றவுடன் எதிர்ப்பொருளையே நினைத்துப் பழகியவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். டிரிபனோசோமாவின் உடலைப் போர்த்தியிருக்கும் புரத மேலாடையை எதிர்ப்பொருள்கள் அடையாளம் கண்டு தாக்கும்போது, ஒரு சில உயிரிகள் வேறு மேலாடைக்கு மாறிவிடுகின்றன. மறு அலை அவற்றிலிருந்து எழுகிறது. இந்த ஓட்டத்தில் எதிர்ப்பொருள் எப்போதும் ஓரடி பின்தங்கியே நிற்கும்.

அப்படியானால் இரத்தசோகை எதனால் வருகிறது?

பெரும்பகுதி, கிருமிகளையும் பழுதான அணுக்களையும் விழுங்கி அழிக்கும் உடலின் சொந்தப் பெருவிழுங்கி அணுக்களால். தொற்றின்போது கிளர்ந்தெழும் சைட்டோகைன்கள் (அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்கள்) மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கிகளைத் தூண்டிவிட, அவை ஒட்டுண்ணியோடு நிற்காமல் நல்ல சிவப்பணுக்களையும் விழுங்கத் தொடங்குகின்றன. அதே சமயம் மஜ்ஜையின் புதிய உற்பத்தியும் தளர்கிறது. என்டாமாவில் இந்த விழுங்கல் ஓர் அளவோடு நிற்கிறது. மஜ்ஜையும் விரைந்து ஈடுகட்டுகிறது. இரத்தசோகை இரத்த அணுக்களின் இனத்தைப் பின்பற்றுவது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது, ஏனெனில் பெருவிழுங்கிகளும் மஜ்ஜையில் பிறப்பவையே.

தொற்று ஏற்பட்ட பின் மரபணுக்களின் செயல்பாட்டில் என்ன நடக்கிறது?

இரு இனங்களுக்கும் ஒரே நாளில் தொற்றை ஏற்படுத்தி, கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து பல வாரங்கள் மாதிரி எடுத்து, ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே நேரத்தில் அளந்திருக்கிறார்கள். இரத்த வெள்ளணுக்களில் செய்த அளவீடுகளில் என்டாமாவின் எதிர்வினை முந்தித் தொடங்குவது தெரிந்தது. செயல்பாட்டு அளவீட்டையும் முன்னே சொன்ன குரோமோசோம் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வு, ஏஆர்எச்ஜிஏபி15, டிகாம்1 என்ற இரண்டு மரபணுக்களைச் சாத்தியமானவையாக முன்னிறுத்தியது. இரண்டும் நோய் எதிர்ப்பு அணுக்களின் சமிக்ஞைப் பாதையில் வேலை செய்பவை, இரண்டிலும் இனங்களுக்கிடையே புரதத்தையே மாற்றும் வேறுபாடு இருந்தது. இவை சந்தேக வளையத்துக்குள் வந்த மரபணுக்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், தீர்ப்பு வழங்கப்பட்டவை என்று அல்ல.

தைலேரியாவிலும் இதே கதைதானா?

கதை வேறு, கருத்து ஒன்று. தைலேரியா தான் புகுந்த வெள்ளணுவைக் கொல்வதில்லை. புற்றணுபோல் இடைவிடாமல் பிரியச் செய்கிறது. அணு பிரியும்போது ஒட்டுண்ணியும் கூடவே பிரிந்து இரண்டு மகளணுக்களுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. மருந்தால் ஒட்டுண்ணியைக் கொன்றுவிட்டால் அந்த அணு பிரிவதை நிறுத்திவிடும். பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய புற்று என்று இதைச் சொல்வது மிகையல்ல.

வெப்பநாடுகளில் காணப்படும் தைலேரியா அனுலேட்டாவைத் திமில் உள்ள சாகிவால் இனக் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் ஒரே அளவில் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளியானது. சாகிவால் கன்றுகளுக்கும் தொற்று பிடித்தது. ஆனால் காய்ச்சல் குறைவு, கடும் அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதங்களும் குறைவு, அவை தேறின. இந்த ஒட்டுண்ணி பிடிப்பது பெருவிழுங்கிகளையும் அவற்றுக்கு நெருங்கிய அணுக்களையும் என்பதால், இரு இனங்களின் தொற்றிய அணுக்களையும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஒப்பிட்டார்கள். டிஜிஎஃப் பீட்டா-2 என்ற வளர்ச்சிக் காரணி ஹோல்ஸ்டீன் அணுக்களில் அதிகம் சுரந்தது. அது அணுக்களுக்குத் திசுக்களை ஊடுருவிப் பரவும் ஆற்றலைக் கூட்டியது. நோயின் கடுமை இங்கேயும் மாட்டின் சொந்த அணு என்ன செய்கிறது என்பதிலேயே வந்து நிற்கிறது.

ஒரே மரபணுவால் உயிர் பிழைப்பது எங்குமே இல்லையா?

ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. தைலேரியா பார்வாவால் வரும் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொல்வதாகக் கணிக்கப்படுகிறது. அந்த நோய் மலிந்த பகுதியைச் சேர்ந்த ஒரு போரன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் தொற்றிலிருந்து அடிக்கடி பிழைப்பதைக் கவனித்து, வம்சாவளியைப் பின்தொடர்ந்த அறிவியலாளர்கள், 15-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியையும் அதற்குள் எஃப்ஏஎஃப்1பி என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தையும் 2022-இல் அறிவித்தார்கள். அந்த மாற்றம் புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும் வகையைச் சேர்ந்தது. தொடர்பில்லாத இன்னொரு மாட்டுக் குழுவிலும் அந்தப் பகுதிக்கும் உயிர் பிழைப்பதற்கும் உள்ள உறவு உறுதியானது. பிழைத்த மாடுகள் தொற்றே இல்லாமல் தப்பியவை அல்ல. தொற்றுக்கு ஆளாகி மீண்டவை.

கவனிக்க வேண்டியது: இது இந்த ஒட்டுண்ணிக்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள கணக்கு. டிரிபனோசோமாவுக்கோ பபீசியாவுக்கோ இதைப் பொருத்திப் பேசக் கூடாது.

தடுப்பூசி போட்டாலும் எல்லா மாடும் ஒரே மாதிரி பாதுகாப்புப் பெறாதது ஏன்?

இதிலும் மரபணுவுக்குப் பங்குண்டு. அணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிப் புரதத்தின் எந்தத் துண்டை வெளியே எடுத்துக்காட்டி டி அணுக்களை எச்சரிப்பது என்பதை, 23-ஆம் குரோமோசோமில் உள்ள போலா மரபணுத் தொகுதி தீர்மானிக்கிறது. இந்தத் தொகுதி மாட்டுக்கு மாடு வேறுபடும். தைலேரியா பார்வாவில், ஒரு வடிவம் கொண்ட மாட்டின் கொல்லி டி அணுக்கள் ஒரு புரதத்தையே குறிவைக்க, வேறு வடிவம் கொண்ட மாடு வேறொரு புரதத்தில் கவனம் குவிக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் ஒட்டுண்ணி வகையில் அந்தக் குறிப்பிட்ட துண்டு மாறியிருந்தால், ஒரு மாட்டுக்குப் பாதுகாப்பு நிற்கும், பக்கத்து மாட்டுக்கு நழுவும்.

நோய் மலிந்த இடத்து மாடு நோயால் சாகாவிட்டால் அது மரபணுவின் சிறப்புத்தானே?

பல நேரங்களில் இல்லை. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் தென்பகுதி மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்றபோது, அவை நலமாக இருக்க, வழியில் இருந்த வடபகுதி மாடுகள் செத்து விழுந்தன. இதன் காரணம் உண்ணி சுமக்கும் பபீசியா என்று ஸ்மித், கில்போர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1893-இல் நிறுவினார்கள். கணுக்காலி ஒன்று நோயைச் சுமப்பதாக நிறுவப்பட்ட முதல் முக்கியச் சான்றுகளில் அதுவும் ஒன்று. தென்பகுதி மாடுகள் தப்பியதற்கு முதன்மைக் காரணம் இனம் அல்ல. அவை கன்றுப் பருவத்திலேயே தொற்றைக் கண்டு தேறியவை.

பபீசியாவில் கன்று பெரிய மாட்டைவிட நன்றாகத் தாங்கும், ஏறத்தாழ ஒன்பது மாத வயது வரை. மண்ணீரலில் எச்சரிக்கை சைட்டோகைன்களும் ஒட்டுண்ணியைக் கொல்லும் நைட்ரிக் ஆக்சைடும் கன்றில் சில நாட்கள் முன்னதாகவே உயர்ந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். ஒரு மாட்டுக்குக் கன்றிலும் வளர்ந்த பின்னும் அதே மரபணுக்கள்தான். வயதோடு அவை விழிக்கும் நேரம் மாறுகிறது. ஆகவே பெரிய மாட்டைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் அது நோயுற்றால், இனத்தின் மீது பழி போடுமுன் அது முன்பு தொற்றைக் கண்டதா என்று கேட்க வேண்டும்.

மருந்துக்குப் பதிலாக இனத்தேர்வையே நம்பலாமா?

மருந்தை விடச் சொல்ல முடியாது. ஆனால் டிமினசீன், ஐசோமெட்டமீடியம் போன்ற டிரிபனோசோமா மருந்துகளுக்குப் பல இடங்களில் எதிர்ப்பு உருவாகிவிட்ட நிலையில், இனத்தேர்வு ஒரு மெதுவான, ஆனால் தேயாத துணை. சிக்கல் இரண்டு. தாங்குதிறனைப் பல மரபணுக்கள் பங்குபோட்டுக்கொள்வதால், தொற்று இல்லாத தொழுவத்தில் வளரும் மாட்டைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. மேலும் என்டாமா சிறிய மாடு, பாலும் குறைவு. அதிகப் பாலுக்காக அயலினம் சேர்க்கச் சேர்க்க, தலைமுறைதோறும் தாங்குதிறன் நீர்த்துப்போகிறது. முழுதும் மாற்றுவதைவிட, உள்ளூர்ப் பங்கை ஓர் அளவுக்குக் கீழே போகவிடாத கலப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

மரபணுவைப் புகுத்தித் தாங்குதிறன் தர முடியுமா?

மனித இரத்தத்தில் உள்ள ஏபிஓஎல்1 புரதம் மாட்டைத் தாக்கும் டிரிபனோசோமாக்களைத் துளைத்துக் கொன்றுவிடுகிறது; பபூன் குரங்கின் புரதமோ மனிதரைத் தாக்கும் வகைகளையும் கொல்லக்கூடியது. மாட்டிடம் இந்த ஆயுதம் இல்லை. பபூனின் மரபணுவை மாட்டில் சேர்க்கும் முயற்சி இந்த அடிப்படையில்தான் தொடங்கியது. இது ஒட்டுண்ணியையே கொல்லும் வழி என்பதால், மேலே சொன்ன தாங்குதிறனிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது.

தாங்கும் மாட்டால் மற்ற மாடுகளுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. தாங்கும் மாடு ஒட்டுண்ணியை முற்றாக ஒழிப்பதில்லை. சிவப்புத் தூண் நல்ல உயரத்தில் இருக்கும் மாட்டின் வெண்படலத்திலும் நெளியும் இழை இருக்கக்கூடும். ஈயும் உண்ணியும் அதிலிருந்து தொற்றை எடுத்துச் செல்லும். தைலேரியாவிலிருந்து மீண்ட மாடும் நீண்ட காலம் தொற்றைச் சுமக்கும். தாங்கும் மாடுகளோடு தாங்காத மாடுகளைச் சேர்த்து மேய்க்கும் இடங்களில், நலமாகத் தெரியும் மாடுகளையும் சேர்த்தே இரத்தச் சோதனையும் உண்ணிக் கட்டுப்பாடும் செய்ய வேண்டும்.